காற்றுக் கட்சியும் கத்திக் கட்சியும்

நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி. குழந்தைகள் அறுவைப் பிரிவுக்கு வெளியே நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஃபினாயில் நெடிக்கு நடுவே கஞ்சி போட்ட துணி சரசரத்தது. எனக்குப் பின்னால் அமைச்சர் யாராவது வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்காக இருக்க வாய்ப்பில்லை.

"மாமன் வந்தாச்சுங்" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் குரலில் மழை வந்துவிட்ட நிம்மதி இருந்தது.

எனக்காக அதற்கு முன் யாரும் எழுந்து நின்றதில்லை. பம்புசெட் கம்பெனியில் விளம்பரத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நான் அறைக்குள் போனால் நின்றுகொண்டிருப்பவர்கள்கூட நாற்காலி தேடி உட்கார்ந்துகொள்வார்கள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், அந்தக் கம்பெனியின் ஆண்டு விழாவில் நான் வரவேற்புரை ஆற்றியதையும், வரவேற்கப்பட்டவர் பாதியில் கிளம்பிப் போனதையும் எழுதியிருந்தேன். மீதியை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அவர் போனது போனதுதான். இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

பரணில் இருக்கும் அண்டா

உள்ளே படுத்திருந்தது என் தங்கை சுமதியின் பெண் குழந்தை. மகிழினி. பிறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சுமதி அன்னூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆக, அந்தக் குழந்தைக்கு நான் தாய்மாமன்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்பது பெரிய பதவி. முதல் மொட்டைக்கு அவன் மடி வேண்டும். காது குத்துக்கும் அவன் மடிதான். சீர் அவன் கொண்டுவர வேண்டும். அவன் சபையில் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. மற்ற நாட்களில் அவன் என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். விசேஷத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, நடுவாசலில் வைக்கும் பித்தளை அண்டா மாதிரி.

அன்று காலையில் அண்டா பவானியில் இருந்தது. நண்பர் வீட்டு விசேஷத்துக்கு ஜமக்காளம் வாங்கப் போயிருந்தேன். சிவப்புக் கோடு போட்டதா, பச்சைக் கோடு போட்டதா என்று கடைக்காரர் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது சுமதியின் கணவர் செந்தில் கூப்பிட்டார்.

"மச்சான், பாப்பாளுக்குக் கொடலுக்குள்ள கொடலு பூந்துக்கிச்சாமுங். காத்தடிச்சுப் பாக்கலாங்கறாங்க. இல்லீன்னா ஆபரேசனுங்கறாங்க. நீங்க என்னுங் சொல்றீங்?"

என் வாழ்நாளிலேயே தெளிவான வாக்கியத்தை அப்போதுதான் சொன்னேன்: "டாக்டர் எதைச் சொல்றாங்களோ அதை உடனே செய்யுங்க மாப்பிள்ளை. என்னையெல்லாம் கேக்கோணுமா? நான் வந்துட்டே இருக்கறேன்."

வேறு எந்த ஊராக இருந்தாலும் இதற்குச் சம்மதம் என்று பொருள். எங்கள் ஊரில் இது மரியாதை. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றால் "இருக்கட்டுங்" என்பதும், "இருக்கட்டுங்" என்றால் இலை போடுவதும் எங்கள் வழக்கம். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது எங்களிடையே கொஞ்சம் நாகரிகக் குறைவு. தாய்மாமன் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தால், பதிலுக்குப் பெருந்தன்மையோடு காத்திருப்பதுதானே முறை?

அதனால் அவர்கள் காத்திருந்தார்கள். நான் பவானியிலிருந்து வரும்வரை. நான் உக்கடம் நெரிசலில் ஒரு சிமெண்ட் லாரியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் காத்திருந்தார்கள்.

நாலு வெற்றிகள்

நோய் தொடங்கியது முந்தைய நாள் மத்தியானம். குழந்தை திடீரென்று வீறிட்டிருக்கிறது. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க அழுதிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்திருக்கிறது. மறுபடியும் வீறிட்டிருக்கிறது.

இப்படி விட்டு விட்டு வரும் வலிக்கு ஒரு குணம் உண்டு. வலி விடுகிற இடைவெளியில் யார் என்ன வைத்தியம் செய்தாலும் பலித்துவிடும்.

தூக்கியதில் சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டினார்கள். அழுகை நின்றது. திரும்ப வந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பவரை வரவழைத்தார்கள். அவர் ஊதி எடுத்துக் காட்டினார். அழுகை நின்றது. மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நின்றது. ஓம வாட்டர் கொடுத்தார்கள். நின்றது. அன்று மாலைக்குள் நாலு வைத்தியங்கள் வெற்றி பெற்றிருந்தன. குழந்தை மட்டும் துவண்டுகொண்டே போனது.

விடிந்ததும் பச்சையாக வாந்தி எடுத்தது. துணியை மாற்றப் போன சுமதி, திராட்சைக் கூழ் மாதிரி ரத்தமும் சளியும் கலந்திருந்ததைப் பார்த்தாள். யாரிடமும் காட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் ஏறிவிட்டாள் என்பது தெரிந்த பிறகுதான் வீட்டில் சாவியைத் தேடினார்கள்.

அண்ணன் சொன்னாச் சரி

குழந்தைகள் அறுவை மருத்துவர் ஜெசிந்தா உயரமான பெண்மணி. கோவைக்காரர்தான். ஆனால் எங்கள் மரியாதையைத் தாங்கும் பொறுமை அன்று அவரிடம் தீர்ந்துபோயிருந்தது.

"நீங்கதான் அந்த மாமனா?"

"ஆமாங்க."

"ட்ரிப்ஸ் ஏத்துறது, ரத்தம் ஏற்பாடு பண்றதுன்னு எனக்கும் வேலை இருந்துச்சு. அது முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டாப் போதும்னு தமிழ்லதான் சொன்னேன். மாமன் வரோணுமுங்கன்னு உக்காந்துட்டாங்க."

சுமதி உள்ளே குழந்தையோடு இருந்தாள். கூட ஒருவரைத்தான் விடுவார்களாம். வெளியே கூடியிருந்த சட்டசபை பற்றி அவளுக்குத் தெரியாது. ஏதோ மருந்து வரவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மருந்து உக்கடத்தில் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் எனக்கும் ஒருமுறை விளக்கினார். முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்பக்கமாக மடிந்துகொள்ளுமே, அப்படிக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. ஆசனவாய் வழியாக ஒரு குழாய் வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே காற்றை அனுப்பினால் பெரும்பாலும் அது வந்த வழியே திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாது. எப்போதாவது குடலில் ஓட்டை விழலாம். அப்போது உடனே அறுவை செய்தாக வேண்டும். நேராகவே அறுவை செய்து கையால் விடுவிப்பது இன்னொரு வழி.

"இப்ப வரைக்கும் வயிறு இறுகலை. குடலுக்கு ரத்தம் நின்னதுக்கான அடையாளம் இல்லை. நின்னுபோச்சுன்னா காத்து அனுப்பற பேச்சுக்கே இடமில்லை. செத்த பகுதியை வெட்டித்தான் எடுக்கணும். இது யாருக்காகவும் காத்திருக்காது."

காலையிலிருந்து வெளியே இரண்டு கட்சிகள் உருவாகியிருந்தன.

காற்றுக் கட்சிக்குத் தலைவர் செந்திலின் அப்பா, சின்னச்சாமி மாமா. போர்வெல் லாரிகள் வைத்திருப்பவர். பூமிக்குள் குழாய் சிக்கினால் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்து எடுப்பதிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். காற்று என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்தான்.

"எத்தன ப்ரஷருங் டாக்டரு வெப்பீங்க?"

"அதுக்கொரு அளவு இருக்குங்க. மீட்டர்ல பாத்துட்டே இருப்போம். அதைத் தாண்டுச்சுன்னா வால்வு தானாத் தொறந்துக்கும்."

"ரிலீஃப் வால்வு இருக்குதுங்களா!" மாமாவின் முகம் மலர்ந்தது. மருத்துவ விஞ்ஞானத்தின் மேல் அவருக்கு முழு நம்பிக்கை வந்த நிமிடம் அது. மேலும், பெண் குழந்தை. வயிற்றில் தழும்பு விழுந்தால் நாளைக்கு வரன் அமையுமா என்ற கவலையும் அவருக்கு இருந்தது. பத்து மாதக் குழந்தையின் வயிற்றைப் பார்க்க வரப்போகிற மாப்பிள்ளை அநேகமாக இன்னும் பிறந்திருக்கமாட்டான். அவனுடைய அபிப்பிராயத்துக்கும் அன்று மதிப்பளிக்கப்பட்டது.

கத்திக் கட்சிக்குத் தலைவர் அவருடைய அண்ணன், பெரிய மாமா. ஸ்பின்னிங் மில் வைத்திருப்பவர். மெஷினைக் கழட்டிப் பார்க்காமல் வெளியே நின்று தட்டுவதில் அவருக்கு உடன்பாடில்லை. "காத்தடிக்கறதுக்கு இத்தன பெரிய ஆஸ்பத்திரிக்கு எதுக்குங் வரோணும்? தொறந்தாத்தான உள்ள என்னன்னு தெரியும்?"

சண்டை போட்டிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். அண்ணனும் தம்பியும் மரியாதை தெரிந்தவர்கள்.

"அண்ணன் சொன்னாச் சரிங். அறுத்தே போடட்டும்" என்றிருக்கிறார் தம்பி.

"அட, உன்ற பேத்தி. நீ சொன்னாச் சரி சாமி. காத்தே அடிக்கட்டும்" என்றிருக்கிறார் அண்ணன்.

இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில், நான் வந்து சேர்ந்தபோது காற்றுக் கட்சித் தலைவர் கத்திக்காகவும் கத்திக் கட்சித் தலைவர் காற்றுக்காகவும் உருக்கமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். செந்தில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங் மச்சான்."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. ஓர் உரை ஆற்ற எனக்கு நாக்கு அரித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பண்டைய மருத்துவர்கள் இதே நோய்க்குத் துருத்தியால் காற்று ஊதியதாக எங்கோ படித்த ஞாபகம் வேறு வந்து தொலைத்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். உரை உள்ளேயே மடங்கிக்கொண்டது.

"நீங்க எதைங்க சொல்றீங்க?"

"முதல்ல காத்து. தியேட்டர் தயாரா இருக்கும்."

"அப்ப அதையே செய்யுங்க."

"மாமன் சொல்லிப்போட்டாருங்" என்று கூட்டம் மூச்சு விட்டது. செந்தில் கையெழுத்துப் போட்டார். பவானியிலிருந்து நான் போனில் சொன்ன அதே வாக்கியம்தான். நேரில் எடுத்து வந்து கொடுத்ததால் செல்லுபடியானது.

சாவி விழுங்கியவன்

குழந்தையை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள். காத்திருக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. குடல் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சின்ன வயதில் அப்பாவின் டிரங்குப் பெட்டிச் சாவியை விழுங்கிவிட்டேன். சின்னச் சாவிதான். ஏன் விழுங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாயில் போட்டேன், போய்விட்டது.

அன்றைக்கும் சபை கூடியது. அறுத்து எடுப்பதா, வருகிறபோது வரட்டும் என்று விடுவதா? உள்ளூர் டாக்டர் வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். அப்பா தார் தாராக வாங்கிப் போட்டார். காலையில் நான் கொல்லைப்பக்கம் போனால் பின்னாலேயே அப்பா ஒரு குச்சியோடு வருவார். பெட்டிக்குள் அவருடைய பட்டு வேட்டி இருந்தது. நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம் வந்தது. பூட்டை உடைக்கலாமே என்று அம்மா சொன்னதற்கு, "நல்ல பூட்டு. பையன் எப்பிடியும் குடுத்துருவான்" என்றார். கல்யாணத்துக்கு முந்தைய நாள் கொடுத்துவிட்டேன். பட்டு வேட்டியில் அப்பா பிரமாதமாக இருந்தார்.

இதைச் செந்திலிடம் ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினேன். சாவி வரை வந்ததும் அவர் முகம் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவருடைய உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. விடிந்ததிலிருந்து அந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தது மரியாதையால் மட்டும் இல்லை. பயத்தில்.

பாதி வழியில்

டாக்டர் ஜெசிந்தா வெளியே வந்தபோது முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்.

"பாதிக்கு மேல திரும்பிருச்சு. வலது பக்கம், சிறுகுடல் பெருங்குடல்ல சேர்ற மூலையில வந்து நிக்குது. அதுக்கு மேல நகரலை. ஓட்டை எதுவும் விழலை."

"அப்பறமுங்?"

"குழந்தை இன்னும் தாங்குது. கொஞ்சம் ஓய்வு கொடுத்துட்டு இன்னொரு தடவை காத்து அனுப்பிப் பாக்கலாம். வீக்கம் குறைஞ்சு திரும்பினாலும் திரும்பும். இல்லைன்னா இப்பவே தியேட்டருக்குப் போயிரலாம். ரெண்டும் தப்பில்லை. இதுல நான் இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க."

வேட்டிகள் எல்லாம் மறுபடியும் என் பக்கம் திரும்பின.

முதல் தடவை கேட்டபோது டாக்டருக்கு வழி தெரிந்திருந்தது. நான் ரப்பர் ஸ்டாம்ப்பாக இருந்தால் போதும். இப்போது அவருக்கும் தெரியவில்லை. காற்று என்று சொல்லி, அந்தக் கொஞ்ச நேரத்தில் குடல் அழுகிவிட்டால்? கத்தி என்று சொல்லி, இன்னொரு ஊதலில் சரியாகியிருக்க வேண்டிய வயிற்றைத் திறந்துவிட்டால்? மடியில் குழந்தையை வைத்துப் போட்டோவுக்குச் சிரிக்கிற உத்தியோகத்துக்கு இப்படியொரு பின்பக்கம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "உங்க குழந்தையா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"என் குழந்தையா இருந்தா நானும் இந்த நாற்காலியில உக்காந்துட்டு இன்னொரு டாக்டர்கிட்ட இதையேதான் கேட்டிருப்பேன்."

பெரிய மாமா தொண்டையைச் செருமினார். "தம்பி என்ன நெனைக்கறான்னு..."

"அண்ணன் சொல்லட்டுங்" என்றார் சின்னச்சாமி மாமா.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு சுமதி வந்தாள். பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் காலையிலிருந்து பால் கட்டி, துப்பட்டாவையும் மீறி நனைந்திருந்தது. இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கியிருந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, எதுக்கு எல்லாரும் நிக்கறீங்க?"

சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். துண்டறிக்கை எழுதிய பழக்கம், அதுவாவது உபயோகப்பட்டது. கடைசியில், "நீ சொல்லு அம்மிணி" என்றேன்.

"அம்மிணி பாவம், அதுக்கென்னுங் தெரியும்..." என்று பெரிய மாமா அன்பாகத் தொடங்கினார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"டாக்டரம்மா, இன்னொருக்கா காத்து உட்டுப் பாருங்க. நகரலீன்னா அப்பிடியே ஆபரேசனுக்குக் கொண்டு போயிருங்க. ரெண்டுக்கும் இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன். நடுவுல வெளிய வந்து யாரையும் கேக்காதீங்க. இவிய எல்லாம் நல்லவிய. நல்லவியளுக்குப் பேசி முடிக்க நேரமாகும்."

டாக்டர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பேனாவை நீட்டினார்.

கேட்கவில்லை

அதன் பிறகு யாரும் வெளியே வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்ட்ரெச்சர் வேகமாகப் போகும் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. தியேட்டர் வாசலின் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது காற்றும் பலிக்கவில்லை.

"ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமுங்" என்றார் பெரிய மாமா மெதுவாக. சின்னச்சாமி மாமா எழுந்துபோய் ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துவந்து மகனிடம் நீட்டினார். செந்தில் அதைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். சுமதி தியேட்டர் கதவுக்கு நேர் எதிரே, சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்ததைத்தான் அன்று நான் உருப்படியாகச் செய்தேன்.

டாக்டர் ஜெசிந்தா வந்து நேராக அவளிடம்தான் குனிந்தார்.

"கையாலேயே பிதுக்கி எடுத்துட்டோம்மா. குடலை வெட்ட வேண்டி வரலை. குடல் கருத்திருந்துச்சு. வெந்நீர்த் துணியில சுத்தி வெச்சுப் பாத்தோம். மெதுவா நிறம் திரும்பி ரோஸ் ஆயிருச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தா அந்தத் துண்டை எடுத்திருக்க வேண்டி வந்திருக்கும்."

சுமதி தலையை ஆட்டினாள். பிறகுதான் அழுதாள். வேட்டிகள் அத்தனையும் ஜன்னல் பக்கம் போய், கீழே நிற்கும் கார்களை மிகுந்த அக்கறையோடு பார்வையிட்டன.

பால்

அறுவை முடிந்த பிறகு டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். குடல் வேலை செய்யத் தொடங்க வேண்டும். குழந்தைக்குக் காற்றுப் பிரிய வேண்டும். பிரிந்துவிட்டால் பால் கொடுக்கலாம்.

ஆக, கத்தி ஜெயித்து இரண்டு நாள் ஆன பிறகும் நாங்கள் காற்றுக்காகத்தான் காத்திருந்தோம். மில் முதலாளி ஒருவர், போர்வெல் அதிபர் ஒருவர், கொஞ்சம் இலக்கியம் படித்த நான், எல்லோரும் ஒரு சின்ன அறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு, காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தோம். மூக்கில் செருகியிருந்த குழாயை அன்று காலையில் எடுத்துவிட்டிருந்தார்கள். குழந்தை சுமதியின் தோளில் கிடந்தது. சின்னச்சாமி மாமா மஞ்சள் விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏனுங்ண்ணா, ஏதோ கேட்ட மாதிரி..."

"நாற்காலி சத்தம்" என்றார் பெரிய மாமா.

"நாற்காலி இல்லீங்."

"அசையாம இருங்க எல்லாரும்" என்றார் செந்தில். அவர் எங்களை அதட்டியதை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அசையாமல் இருந்தோம். இரண்டாவது முறை சந்தேகத்துக்கே இடமில்லாமல் கேட்டது. நீளமாக, அலட்சியமாக, கூடியிருந்த பெரிய மனிதர்கள் யாரையும் பொருட்படுத்தாத சத்தம். பெரிய மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணை மட்டும் கொஞ்சம் அதிகமாகத் துடைத்தார்.

"இத்துனூண்டு போதுமாங்க?" என்று சின்னச்சாமி மாமாவுக்குச் சந்தேகம். "டாக்டரு ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும் பாக்கலாமுங்களா?"

"நர்ஸக் கேட்டா?"

"நர்ஸக் கேக்கறதுக்கு முன்னால..."

திரும்பிப் பார்த்தபோது சுமதி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, துப்பட்டாவை மேலே இழுத்துவிட்டிருந்தாள். மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம் வந்தது. அவசரம். நடுவில் மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். மறுபடியும் அவசரம்.

நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். எங்கள் ஆட்கள் இத்தனை பேர் ஒரே அறையில், இத்தனை நேரம், ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.